சரி, வாங்க

கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. அன்பரசனின் போன் அன்பரசனோடு ஆபீசுக்குப் போயிருந்தது. ஆனாலும் மேசை மேல் கிடந்த ஹெட்செட்டின் நீல விளக்கு நிதானமாக மின்னுவதும் அணைவதுமாக இருந்தது.

மதிவதனி பிழிந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றாலும் அந்த விளக்கின் பாஷை அவளுக்குப் பழகிவிட்டது. ஆள் தேடும்போது சிவப்பும் நீலமுமாக மாறி மாறிப் படபடக்கும். ஜோடி கிடைத்துவிட்டால் நீலம் மட்டும், அவசரமே இல்லாமல். யாரும் கிடைக்காவிட்டால் சற்று நேரத்தில் தானே அணைந்துவிடும். இப்போது அது அவசரமே இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

ஜோடி என்பது தேரடித் தெரு கடைக்காரர் தருமனின் வார்த்தை. "ஜோடி சேக்கறதுனு சொல்லுவோம் மேடம். நம்பர் கேட்டா நாலு சைபர் போட்டா சேந்துக்கும். தள்ளிப் போனா இரையும், கிட்ட வந்தா தெளிவாயிடும். போன்கூடயும் சேரும், கம்ப்யூட்டர்கூடயும் சேரும். ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுகூடத்தான்" என்றார். "பரவால்லியே, நம்மளவிட ஒழுக்கமா இருக்குதே" என்று அன்பரசன் சிரித்தான். தருமனும் சிரித்தார். மதிவதனிக்குச் சிரிப்பு வரவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தருமன் இன்னொன்றும் சொன்னார். "பட்டன ஜாஸ்தி நேரம் அமுக்கிப் பிடிக்காதீங்க. அப்புறம் முப்பதடிக்குள்ள எது இருந்தாலும் வா வானு கூப்பிட ஆரம்பிச்சுடும்."

வாங்கியது என்னவோ அவளுக்காகத்தான். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் கேட்டு டைப் அடிக்கும் வேலையை அவள் வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தாள். குழந்தை பொன்னிக்கு நடை வந்ததிலிருந்து தொங்குகிற ஒயர் ஒன்றையும் விடுவதில்லை. ஒயர் இல்லாததாக வாங்கிவிடலாம் என்று யோசனை சொன்னவன் அன்பரசன். வாங்கிய மறுநாளே அதைத் தன் போனோடு சேர்த்து, காதில் மாட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் உலாத்தியபடி பேசத் தொடங்கியவனும் அவன்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மனிதன் தனியாகச் சிரித்துப் பேசுவதைக் கீழேயிருந்து பார்க்கும் மனைவிக்கு நல்ல எண்ணமா வரும்? ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த தேவசேனாவின் பெயர் வேறு அவன் பேச்சில் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் கலந்திருந்தது.

ஆகவே, நீல விளக்கைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, கோபம். துணியைப் போட்டுவிட்டு ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டினாள்.

மணலைச் சல்லடையில் சலிப்பது போன்ற இரைச்சல் நெடுநேரம் ஓடியது. அதற்கு அடியில், எங்கேயோ ஆழத்தில், துணி மேல் உள்ளங்கை விழும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கும் தாளம் அது, அவளுக்கா தெரியாது? ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பெண்குரல் மூக்காலேயே "ம்... ம்..." என்றது. தட்டுவது நின்றது. "தூங்கிட்டியா?" என்றது குரல். பிறகு வெறும் இரைச்சல். விளக்கும் அணைந்துவிட்டது.

'அந்தத் தேவசேனாவுக்குக் குழந்தை வேறயா?' என்றுதான் மதிவதனி நினைத்தாள்.

சாயங்காலம் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்துச்சு. உங்க போனும் இங்க இல்ல. அப்புறம் அது யார்கூடங்க சேந்துச்சு?"

"பக்கத்து வூட்ல யார்னா போன் வெச்சிருப்பாங்க."

"பக்கத்துல ஏதுங்க வூடு?"

அது உண்மை. வேங்கிக்காலில் மனை பிரித்துக் கல் நட்ட இடத்தில் முதலில் வீடு கட்டிய அவசரக்காரர்கள் இவர்கள்தான். மூன்று பக்கமும் முள்செடி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சக்கரபாணி சாரின் வீடு இருந்தது. அவர் மகள் பிரசவத்துக்காகக் குடும்பத்தோடு வேலூர் போயிருந்ததால் அதுவும் பூட்டிக் கிடந்தது.

"சீன சரக்கு மதி. அப்படித்தான் இருக்கும்."

"பொம்பள குரல் கேட்டுச்சு."

அன்பரசன் சட்டென்று நிமிர்ந்தான். "இன்னா பேசுச்சு?"

ஏன் அவ்வளவு வேகமாகக் கேட்டான்? அந்த வேகத்தை அவள் மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள். "ஒண்ணும் புரியல" என்று சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அவன் உஷாராகிவிடுவான் அல்லவா.

அடுத்து வந்த பௌர்ணமி அன்று ஆபீசில் அவனுக்குக் கிரிவலப் பாதையில் டூட்டி போட்டிருந்தார்கள். மதியமே கிளம்பிப் போனான். ஹெட்செட்டை மறந்து மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். மறந்தானா, தேவசேனா பக்கத்திலேயே இருப்பதால் தேவைப்படவில்லையா என்று மதிவதனி பொழுது சாயும்வரை யோசித்தாள். பொன்னி விளையாடிக் களைத்து, உள் அறையில் பாயில் தூங்கிப் போனாள். வெளியே முள்செடிக் காட்டின் மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. தூரத்து ரோட்டில் பஸ்களின் ஹாரன் ஓயாமல் கேட்டது. வீட்டுக்குள் புளித்த பால் வாடை அடித்தது. குழந்தை எங்காவது கக்கியிருப்பாள் என்று பாயை, தலையணையை, சட்டையை எல்லாம் முகர்ந்து பார்த்தாள். எதிலும் இல்லை.

ஹெட்செட்டை வலது காதில் மாட்டிப் பட்டனை அமுக்கினாள். அமுக்கிப் பிடித்தாள். தருமன் வேண்டாமென்று சொன்னதாலேயே, அந்தப் பெண் எங்கிருந்தாலும் இன்று அகப்படட்டும் என்று விரல் வலிக்கும்வரை பிடித்தாள். எதிரே ஜன்னல் கண்ணாடியில், அவள் காதோரம் சிவப்பும் நீலமும் படபடத்தன. பிறகு நீலம் மட்டும்.

இரைச்சல். அதன் நடுவே மூச்சு.

"இருக்கியா?" என்றது குரல்.

சின்ன வயதுக் குரல் இல்லை, வயதான குரலும் இல்லை. தொண்டையில் ஈரம் தங்கியது போலிருந்தது. மதிவதனிக்கு ஆத்திரம் வந்தாலும் புத்தி வேலை செய்தது. அன்பரசன் போனில் அதிகம் பேசுபவன் அல்ல, பாதிப் பேச்சுக்கு 'ம்' தான் போடுவான். அவளும் தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு, ஆண்பிள்ளைக் குரலில் "ம்" என்றாள்.

"வூட்ல யாரும் இல்லியா?"

"ம்."

"கொழந்த மட்டும்தானா?"

குழந்தையைப் பற்றியும் சொல்லியிருக்கிறானா? "ம்."

"தூங்குதா?"

"ம்."

"உள் ரூம்லயா?"

ரூம் வரைக்குமா சொல்லியிருக்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு, "ம்" என்றாள்.

குரல் திருப்தியாக மூச்சு விட்டு, "சரிம்மா. அப்போ வரேன்" என்றது.

"சரி, வாங்க" என்றாள் மதிவதனி.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. யார் வரேன் என்று சொல்லிக் கிளம்பினாலும், போனை வைத்தாலும், அவளை வளர்த்த விதத்தில் வேறு பதில் வராது. சொன்னது தன் சொந்தக் குரலில் என்பதும், அந்தக் குரல் தன்னை 'அம்மா' என்று அழைத்தது என்பதும் அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

கரண்ட் போனது. அந்த வருடம் அதற்கு நேரம் காலம் கிடையாது. அது ஒன்றும் புதிதில்லை. ஃபேன் சுற்றி ஓய்ந்து நின்றபோது அவளுடைய பழைய போன் அடித்தது. டார்ச் லைட்டைத் தவிர வேறு சௌகரியம் எதுவும் இல்லாத போன் அது. இடது காதில் வைத்தாள்.

"மதி, கூட்டம் ஜாஸ்தியா இருக்குது. வர லேட்டாவும்" என்றான் அன்பரசன்.

"பக்கத்துல யாருங்க?"

"தேவசேனாவும் அவங்க வூட்டுக்காரரும். ஏன்?"

"அவங்ககிட்ட குடுங்க."

"அக்கா, நல்லாருக்கீங்களா? பாப்பா நல்லாருக்காளா?" கணீரென்ற குரல், பின்னால் கூட்டத்தின் அரோகரா.

அதே சமயம் வலது காதில், ஈரக் குரல் தனக்குத்தானே பேசிக்கொண்டது. "வாசல் கேட் தொறந்துதான் இருக்குது."

இரண்டு குரல்கள். இரண்டு காதுகளில். ஒன்று மற்றொன்றல்ல. இத்தனை நாளாக அவள் பிடித்து வைத்திருந்த சந்தேகம் கையை விட்டு நழுவியது. அதோடு வேறு ஒன்றும் புரிந்தது. அந்த 'வரேன்' விடைபெற்றவர் சொன்ன வரேன் இல்லை.

"அவர வரச் சொல்லுங்க. சீக்கிரம்..." என்பதற்குள் லைன் அறுந்துபோனது. திரும்ப அடித்தாள். பௌர்ணமிக் கூட்டத்தில் லைன் கிடைக்கவில்லை.

வலது காதில் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவும் சத்தம். வந்தவர்கள் செய்வதுதான். ஒரு கால். மறு கால். காதுக்குள் கேட்டது முதலில். பிறகு வெளியிலும் கேட்டது. வீட்டுப் பக்கவாட்டுக் குழாய். வாளியின் கைப்பிடி கணகணவென்று ஆடியது.

அவள் ஓடிப்போய் வாசல் கதவைத் தாழிட்டாள். தாழிட்ட பிறகுதான் கவனித்தாள். இரைச்சல் குறைந்திருந்தது. கதவை விட்டு விலகி ஹாலுக்குள் வந்தாள். இன்னும் குறைந்தது. அடுப்படி பக்கம் போனாள். இரைச்சல் கூடியது. திரும்பி உள் அறைப் பக்கம் ஓர் அடி வைத்தாள். கம்மியானது. இன்னோர் அடி. சுத்தமாக இல்லை.

காதோரத்திலேயே தட்டுவது போல் தெளிவாக, உள்ளங்கை துணி மேல் விழும் சத்தம்.

"ம்... ம்..."

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். அது சுவரில் பட்டு எங்கோ விழுந்தது.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

டார்ச்சை அழுத்தினாள். உள் அறை. பாய். பொன்னி மல்லாந்து படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. அழவில்லை. இரண்டு கையையும் மேலே நீட்டியிருந்தாள், தூக்கச் சொல்லி.

அவளுக்கு மேலே ஒன்றுமில்லை.

"பொன்னி" என்றாள்.

குழந்தையின் முதுகு பாயை விட்டு எழும்பியது. அக்குளில் சட்டை சுருங்கியது. மெதுவாக, பழக்கப்பட்ட கை தூக்குகிற பக்குவத்தில், முழங்கால் உயரம், இடுப்பு உயரம் என மேலே வந்தாள். பிறகு சாய்ந்தாள். எதன் மேலோ கன்னத்தை வைத்து, கண் சொருகி, கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டாள்.

மதிவதனி பாய்ந்து குழந்தையின் பாதத்தைப் பிடித்தாள். பிடித்தது சூடான, சின்ன, சொந்தப் பாதம்தான். ஆனால் அவள் மணிக்கட்டின் மேல் ஈரப்புடவை ஒன்று உரசியது. புளித்த பால் வாடை மூச்சை அடைத்தது. குளிர்ந்த கை ஒன்று அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. கோபமில்லாமல். குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவது போல. ஒன்று. இன்னொன்று. கடைசி விரலும் போனதும் அவள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"நாங்க வரோம்மா" என்றது குரல். இப்போது காதுக்குள் இல்லை. அறைக்குள்.

போகவில்லை. நின்றது. பதிலுக்காக நின்றது என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நாக்கின் நுனி வரை வந்துவிட்ட பழக்கத்தைக் கடித்துப் பிடித்தாள். உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது. சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டேன். நான் சொல்லாத வரைக்கும்...

பொன்னி தலையைத் தூக்கினாள். வாயிலிருந்து கட்டை விரலை எடுத்தாள். யார் கிளம்பினாலும் சொல்ல அம்மா கற்றுக்கொடுத்ததைச் சந்தோஷமாகச் சொன்னாள்.

"டாட்டா."

வாசல் தாழ் தானே விலகியது.

எழுந்து ஓடினாள் மதிவதனி. ஹால். வாசல். கேட். வெளியே முழு நிலா. மனைக் கற்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. தூரத்தில் ஜனம் ஜனமாக மலையைச் சுற்றும் இரைச்சல். ஆளில்லாத மண்ரோட்டில், ஒரு தோளின் உயரத்தில், அவளுடைய குழந்தை போய்க்கொண்டிருந்தாள். முகம் அம்மாவைப் பார்த்திருந்தது. விரல்கள் மூடித் திறந்து கையாட்டின. ஜல்லி குத்த எவ்வளவு வேகமாக ஓடியும் இடைவெளி குறையவில்லை. நிலா வெளிச்சத்தில் அந்த இரண்டு பிஞ்சுப் பாதங்களும், சுமந்து போகிறவளின் நடைக்குத் தக்கபடி, மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.