நாலாம் அறையில் ஒரு ஜோடி

“எனக்கு ஜோடி வேணும், மேடம்.”

கேட்டுவிட்டாள். கல்லூரியில் சேர்ந்த புதிதில் மூத்த மாணவி ஒருத்தி அவளை மாடிப்படிக்குக் கீழே இழுத்துப்போய், “ஒத்தையா மாட்டினா ஒத்தையாவே இரு, தங்கச்சி. எது வேணா கேளு, ஜோடி மட்டும் கேக்காதே” என்று சொல்லியிருந்தாள். ஏன் என்று இவள் கேட்டாள். அந்த அக்கா படியில் யாராவது இறங்கி வருகிறார்களா என்று மட்டும் பார்த்தாள்.

காது பரிசோதனைப் படிப்பு அது. ஒருவர் வெளியே இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஹெட்போனுக்குள் மெல்லிய ஒலிகளை அனுப்ப வேண்டும். இன்னொருவர் சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்கார்ந்து, ஒலி கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரியும். பழகும் காலத்தில் மாணவர்களே ஒருவருக்கொருவர் நோயாளி. இந்த வருஷம் வகுப்பில் ஒற்றைப்படை; எல்லாரும் ஜோடி சேர்ந்தபிறகு மிஞ்சியவள் இவள்.

“மூணாவது ஆளா ஓரத்துல நின்னு வேடிக்கை பாக்கவா படிக்க வந்தேன்? செய்முறை வகுப்பு குறைஞ்சா சான்றிதழ் கிடையாதுன்னு நீங்கதான் சொல்றீங்க. அப்ப ஜோடியும் நீங்கதான் குடுக்கணும்.”

ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பட்டம் வாங்கிய தோழிகூடப் பின்னாலிருந்து அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். நல்ல வசவு விழும் என்று தோளை விறைத்துக்கொண்டு நின்றாள் இவள். விழவில்லை. மேடம் அவளை, துக்க வீட்டுக்காரியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

“நாலாம் அறைக்குப் போ. உன் ஜோடி உள்ள உக்காந்தாச்சு.”

நாலாம் அறை நடைபாதையின் கோடியில் இருந்தது. பினாயில் வாசம் அதுவரைக்கும் வந்து, அதற்குமேல் வர மனமில்லாததுபோல நின்றுவிட்டிருந்தது. இரட்டைக் கண்ணாடிக்கு அப்பால், மங்கலான வெளிச்சத்தில், நாற்காலியில் ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அதில் வியப்பில்லை. பரிசோதிப்பவரின் விரலசைவைப் பார்த்து ஊகித்துவிடக் கூடாது என்று நாற்காலியை எப்போதும் அப்படித்தான் போடுவார்கள். தலையில் ஹெட்போன், கீழே கலைந்த கொண்டை, கைப்பிடியில் ஒரு முழங்கை. அவ்வளவுதான் தெரிந்தது.

வலது காதுக்கு ஒலி அனுப்பினாள். விளக்கு எரியவில்லை. கூட்டினாள். ஆளைத் தூக்கிவாரிப் போடும் அளவுக்குக் கூட்டினாள். ம்ஹூம். இடது காதுக்கு மாற்றியதும் எரிந்தது. பாவம், யாரோ ஒற்றைக் காதுக்காரி என்று நினைத்துக்கொண்டு கணக்கைக் குறிக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது நாற்காலி காலி. அந்த அறைக்கு இருப்பது ஒரே கதவு; அது இவள் முழங்காலை ஒட்டித்தான் இருந்தது.

உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தாள். ஹெட்போன் கதகதவென்று இருந்தது. எந்திர எண்ணெயும் பஞ்சுத்தூசியும் கலந்த ஒரு வாசம். அது அவளுக்கு மிகவும் பழகிய வாசம். எங்கே என்றுதான் அந்த நேரத்தில் பிடிபடவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தாள். பாதி ஆயுசைத் தறிச்சத்தத்துக்குள் நின்று கழித்தவள் அம்மா. அந்தத் தறிக்கூடத்து முதலாளி காதில் வைக்க ஒரு பஞ்சுருண்டை கொடுத்ததில்லை, இத்தனைக்கும் கூடம் முழுக்கப் பஞ்சு. வலது காது என்றைக்கோ போயிற்று. “ஒரு காதுல வாங்கி மறு காதுல விடுற வசதியெல்லாம் எனக்கில்லடி” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்த மிச்சக் காதுக்காகத்தான் மகள் இந்தப் படிப்புக்கே வந்தாள். அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆளும் அவள்தான்.

“சத்தமாப் பேசுடி வெடிவாலு. போன்ல என்னவோ இரையுது.”

“போன் நல்லாத்தாம்மா இருக்கு.”

“அப்ப எனக்குத்தான் ஜலதோஷம். விடு. சாப்டியா?”

மறுநாள் ஜோடி இன்னும் மெல்லிய ஒலிக்கு அழுத்தினாள். அதற்கடுத்த முறை அதனினும் மெல்லியதற்கு. கொசு சிறகடிப்பதைவிடச் சின்ன ஒலிகள். எந்த மனிதக் காதுக்கும் எட்டாதவை. விளக்கு எரிந்தது. பொத்தானை அழுத்தும் அந்தக் கட்டைவிரலைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை முறை எக்கினாலும் நாற்காலியின் கைப்பிடி மறைத்தது. ஒருநாள் ஒலியே அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதும் எரிந்தது. எரிந்து அணைந்தது. எரிந்து அணைந்தது. மூச்சைப் பிடித்தாள், நின்றது. விட்டாள்; எரிந்தது.

விடுதி அறைக்குத் திரும்பினால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள்போல நடந்தாள்.

“என்னடி, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திச்சுத்தி வர்ற?” என்றாள் ரேடியோ.

“எங்கம்மாவுக்குக் கேக்கமாட்டேங்குது.”

“வயசாச்சுல்ல.”

“நாளுக்கு நாள் குறையுது. நான் நாலாம் அறைக்குப் போற அன்னிக்கெல்லாம் குறையுது.”

ரேடியோ, விளக்கை அணைக்காமலேயே போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள்.

கடைசிச் செய்முறை வகுப்பு. இதை முடித்தால் சான்றிதழ். மத்தியானமே மேகம் மூடி நடைபாதை இருட்டிக் கிடந்தது. அவள் இயந்திரத்தைத் தொடவில்லை. இயந்திரத்தின் முன் நின்றபடியே அம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. யாரோ எடுத்துக் கையில் கொடுக்கும் சத்தம்.

“ஹலோ? யாரு?”

“அம்மா, நான்தான்.”

விளக்கு எரிந்தது.

“ஹலோ? யாருங்க பேசறது?”

“அம்மா! நான்மா!”

எரிந்தது. எரிந்தது.

“ஒண்ணுமே கேக்கலையே... யாருங்க?”

உள்ளே இருப்பவர் பேசினால் வெளியே கேட்பதற்கென்று இயந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. அது கரகரத்தது. பிறகு தெளிந்தது.

“கேக்குதுடி வெடிவாலு. நல்லாக் கேக்குது. சொல்லு.”

அம்மாவின் குரல். அதே இழுப்பு. கண்ணாடிக்கு அப்பால் அந்தக் கொண்டை. அதில் வெள்ளையாகப் பஞ்சுத்தூசி.

போனில் அதே குரல் அழத் தொடங்கியிருந்தது. யாருங்க. யாருங்க.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கதவருகே மேடம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

“இன்னிக்கு ஒரு நாள்தான்மா. முடிச்சிடு, கையெழுத்துப் போட்டுடறேன். பாதில விட்டா இத்தனை வருஷம் படிச்சது அத்தனையும் போச்சு.” குரலைத் தாழ்த்தினார். “நானும் ஜோடி கேட்டவதான். எங்கம்மா நல்லாத்தான் இருக்காங்க. வேளைக்குச் சாப்பிடறாங்க. முகத்துக்கு நேரா போய் நின்னா சிரிக்கிறாங்க. உனக்கும் பழகிடும்.”

நாக்கு நுனிவரை வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை. பொறந்ததிலிருந்து எவரிடமும் அடக்கிவைக்காத வாய். அடக்கினாள். ஒரு வார்த்தை சொன்னாலும் அது உள்ளே போகும். இனி ஒரு சொல்கூட அதற்குக் கிடையாது.

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். சத்தமில்லாமல் இயந்திரத்தின் மேல் வைத்தாள். மேடத்தின் தோளை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பேருந்து நிலையம். அங்கிருந்து வீடு. அம்மாவின் முகத்துக்கு நேராகப் போய் நிற்க வேண்டும். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

இருண்ட நடைபாதை. முதல் அடி வைத்தாள். எதிர்ச்சுவரில் சிவப்பாக ஒரு வெளிச்சம் விழுந்து மறைந்தது. அடுத்த அடி. சிவப்பு. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். விரல் நுனியில் நடந்தாள். பூனைகூட அப்படி நடக்காது.

சிவப்பு. சிவப்பு.

திரும்பிப் பார்க்கவில்லை. வாசற்படி வந்துவிட்டது. பின்னால், அந்தக் கோடியில், நாற்காலி ஒன்று தரையில் உராய்ந்து மெல்ல வாசல் பக்கம் திரும்பியது.

“மெதுவாப் போடி கண்ணு. இருட்டுல விழுந்துடப் போற.”