ஏழு பூச்சுக்கு அடியில்

அக்கா வாங்கியிருந்த பழைய வீட்டுக்குள் கால் வைத்ததும் தங்கை முதலில் பார்த்தது கதவுகளைத்தான். பழைய பூட்டு, கீல், தாழ்ப்பாள்களைச் சுத்தம் செய்து புதுசாக்குவதுதான் அவள் பிழைப்பு. அழுக்கேறிய பித்தளையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

"வந்ததும் வராததுமா ஸ்க்ரூடிரைவரா? முதல்ல காபியக் குடிடி," என்றாள் அக்கா.

மதியத்துக்குள் வாசல் கதவு உட்பட ஒன்பது கதவுகளின் தாழ்ப்பாள்களும் சலவைச் சோடா கலந்த இரும்புச் சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தன. வழக்கமாக ஒவ்வொரு கதவாகத்தான் செய்வாள். அக்கா வீடுதானே என்று இன்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிவிட்டாள்.

கடைசி அறைக்கு மட்டும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது; அதைப் பூட்டியபடியே திருகாணிகளோடு கழற்றியிருந்தாள். அதை இடுக்கியால் தூக்கியபோது, பூட்டிய நிலையிலேயே பெயிண்ட் முழுத் தோலாக உரிந்து வந்தது. ஓரத்தில் ஏழு நிறங்கள். எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

ஏழு தடவை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு தடவைகூட யாரும் அதைத் திறக்கவில்லை.

அவள் இடுக்கியைக் கீழே போட்டாள்.

"அக்கா, குட்டி எங்க?"

"கடைசி ரூம்ல தூங்குறா. நீ தாழ்ப்பாளக் கழட்டினதும்தான் திறந்துச்சு. அங்கதான் ஜில்லுனு இருக்கு."

தங்கை ஓடினாள். அறையில் ஈர இரும்பு வாடை. அக்காவின் நான்கு வயது மகள் குட்டி பாயில் உட்கார்ந்து, யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கதவின் உட்பக்க வளையம் கம்பியாகத் தேய்ந்திருந்தது. பித்தளை அந்த அளவுக்குத் தேய எத்தனை வருஷம் பிடித்து இழுத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

குழந்தையை வாரிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். "அக்கா, அந்தத் தாழ்ப்பாளக் கொண்டா! சீக்கிரம்!"

சூடு ஆறாத பித்தளையை வெறுங்கையால் பிடித்துத் திருகாணிகளை முடுக்கினாள். உள்ளங்கை பொசுங்கியது. விடவில்லை. தாழ்ப்பாளைப் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

"ஏன் சித்தி பூட்டுற?" குட்டி கிசுகிசுத்தாள். "அவங்கதான் உள்ள இல்லையே."

அக்கா மகளைத் தூக்கிக்கொண்டாள். மூவரும் வாசலுக்கு ஓடினார்கள்.

வாசல் கதவு சாத்தியிருந்தது. அதில் தாழ்ப்பாளே இல்லை, வெறும் திருகாணித் துளைகள்தான். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

அசையவில்லை.

கதவுக்கு வெளியே யாரோ மெல்ல மூச்சுவிட்டார்கள்.

அக்கா உடைந்து அழுதாள். குட்டி கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள்.

"அழாதம்மா. ரொம்ப நாள் இல்லையாம். அவங்க உள்ள இருந்த அளவுக்குத்தானாம்."