மெதுவாக ஓடிய மெஷின்

“கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?”

“இருந்திருந்தா, பின்னாடி ஓடி வந்த உங்களைப் பாத்து ஒதுங்கியிருப்பேனே!”

மோதியது அவள்தான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் பயந்துபோய் இருப்பவர்களுக்குக் கோபம்தான் முதலில் வாய்க்கு வரும். தையல் ஆலையின் வாசலில், கொட்டும் மழையில், அவளுடைய சான்றிதழும் விண்ணப்பமும் மிதந்துகொண்டிருந்தன...

அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் சட்டையிலேயே துடைத்துக் கொடுத்தான். காது மடலில் பென்சில்போலச் செருகிய ஒரு சின்னத் திருப்புளி. நனைந்த இமைகளுக்குள் குறும்பான இரண்டு கண்கள். பார்த்தது போதும் என்று அவள் நினைத்த பிறகும் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டாள்.

“வெளியூரா?”

“எப்படித் தெரியும்?”

“எங்க ஊர்க்காரங்கன்னா மன்னிப்பு கேட்டிருப்பாங்க.”

“பொய்யி! காலைலேர்ந்து நாலு பேர் இடிச்சாங்க. ஒருத்தரும் கேக்கலை.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வேலை கேட்டு அவள் ஏறி இறங்கும் எட்டாவது இடம் அது.

அம்மா இறந்ததும் வாடகை வீட்டின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நாட்டின் இன்னொரு கோடியில் அக்கா இருந்தாள். ஒற்றை அறை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்; இவள் வந்து முப்பது நாள் ஆகிவிட்டது. அக்காவின் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அக்கா கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. வேலை கிடைக்காவிட்டால் திரும்பிப் போக வீடும் இல்லை.

பத்து நிமிடத்தில் ஒரு சட்டைக் காலர் தைக்க வேண்டும். அதுதான் தேர்வு. ஊரில் அவள் தைத்தது காலால் மிதிக்கும் மெஷினில். இதுவோ பவர் மெஷின்... தொட்டதும் துள்ளியது. துணி சுருண்டு ஊசி முறிந்தது.

“இன்னும் ஒரே ஒரு தடவைதான்” என்றாள் சூப்பர்வைசர் அம்மாள். ஊசி மாற்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். வந்தவன்... அதே திருப்புளிக்காரன்!

மேஜைக்கு அடியில் குனிந்து என்னவோ செய்தான். எழுந்தபோது மெல்லச் சொன்னான்: “பயப்படாம மிதிங்க.”

இம்முறை மெஷின் சொன்ன பேச்சைக் கேட்டது. காலர் நூல் பிடித்தாற்போல் வந்தது.

“நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடு.”

அன்று மாலை அம்மாவின் போட்டோவிடம் சொன்னாள்: “நான் ஜெயிச்சுட்டேம்மா...”

பத்து நாள் பறந்தது. அவன் அடிக்கடி வந்து நிற்பான்.

“மெஷினுக்கு எண்ணெய் இருக்கா?”

“காலைலதானே ஊத்தினீங்க?”

“வெயில் அடிக்குதுல்ல... ஆவியாயிடும்.”

வெளியே மழை அடித்து ஊற்றும். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவாள்.

பதினோராம் நாள் பக்கத்துப் பெண் வரவில்லை. அவளுடைய மெஷினில் இவளை உட்கார வைத்தார்கள். எப்போதும்போல மிதித்தாள். அது சீறிப் பாய்ந்தது. இடது ஆள்காட்டி விரலுக்குள் ஊசி இறங்கிவிட்டது.

கட்டுப் போட்ட அறை வாசலில் அவன் வெளிறிப்போய் நின்றான்.

“என் மெஷின் மட்டும் ஏன் அடங்கி ஓடுச்சு?” என்று கேட்டாள்.

“வேகத்தைக் குறைச்சு வெச்சிருந்தேன்... கொஞ்சம் கொஞ்சமா ஏத்திடலாம்னு...”

“அப்ப நான் ஜெயிக்கலை.” கட்டுப் போட்ட விரலை மடித்துக்கொண்டாள். “எங்கம்மாகிட்ட என்னைப் பொய் சொல்ல வெச்சுட்டீங்க. உங்க இரக்கம் எனக்கு வேணாம். போங்க!”

அவன் போனான். நேராக சூப்பர்வைசரிடம்.

மறுநாள் அந்த அம்மாள் சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். கவனக்குறைவு என்று இவளை நிறுத்தியிருப்பார்கள். அவன் உண்மையைச் சொன்னதால் ஒரு வாரமும் இன்னொரு தேர்வும் கிடைத்தன. அவனுக்கு? வேறு ஆள் வரும்வரைதான் வேலை.

அப்போதாவது பேசியிருக்கலாம். ரோஷம் விடவில்லை. சாப்பாட்டு நேரமெல்லாம் நூல் கோக்காத மெஷினில் காகிதத்தின் மேல் கோடு கோடாக ஓட்டிப் பழகினாள். அவன் அந்தப் பக்கம் போவான். எண்ணெய் இருக்கிறதா என்று கேட்பதில்லை. கேட்க மாட்டானா என்று அவள்தான் ஏங்கினாள்...

சனிக்கிழமை. முழு வேகம். ஒன்பதே நிமிடம். காலரை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்த சூப்பர்வைசர், “இது உன் கைவேலை. திங்கக்கிழமை வந்துடு” என்றாள்.

அவள் கண்கள் ஒரு முகத்தைத் தேடின. அவன் நிற்கும் இடத்தில் புதிய மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான்... எழுந்து ஓடினாள்.

எதிரே பஸ் நிறுத்தத்தில், மழையில், தோளில் பையும் கையில் விரித்த குடையுமாக அவன்.

“ஜெயிச்சுட்டேன்.”

“தெரியும். ஜன்னலுக்கு வெளியே நின்னேன். சத்தத்துலயே தெரிஞ்சுது.”

“எங்க போறீங்க?”

“தூரம். ரயில்ல ரெண்டு நாள். இங்க இனிமே எந்த ஆலையிலயும் சேக்க மாட்டாங்க. போற இடத்துல நான்தான் வெளியூரு.” சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “அன்னைக்கு இரக்கம்னு சொன்னே... எத்தனையோ பேரு என் கண்ணு முன்னாடி தோத்துப் போயிருக்காங்க. ஒருத்தருக்கும் நான் குறைச்சதில்லை. நீ தோத்துட்டா நாளையிலேர்ந்து உன்னைப் பாக்க முடியாதே... அந்தப் பயம். என் ஆசைக்கு உன் விரலைக் காவு குடுத்துட்டேன்.”

முதன்முறையாக ‘நீ’ என்கிறான்.

“இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன? அக்காவை விட்டா இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தர்தான். வீம்புக்கு ஒரு வாரம் பேசாம இருந்துட்டேனே...”

பஸ் வந்து நின்றது. அவன் அசையவில்லை.

“நான் போகலை.”

“போங்க. வேலையில்லாம ஒரு ஊர்ல இருக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேணாம்.” மழையும் கண்ணீரும் கலந்து வழிய, அவன் கையிலிருந்த குடையை மடக்கிப் பைக்குள் செருகினாள். “ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டு ஏறுங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... மோதின அன்னைலேர்ந்தே.”