பின்னால் நிற்கிறாள்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் காதுக்குள்ளேயே சங்கை வைத்து ஊதினாலும் உறைக்காது. ஆபத்து வந்தால் எப்படி உயிர் பிழைப்பது என்று ஒரு பெண் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இவர்கள் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு செல்போனில் ஒருவரையொருவர் படம் பிடித்துக்கொள்கிறார்கள். பாய்லர்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்தாறு வருஷம் மில்லில் நெருப்புக்கு முன்னால் நின்ற மனுஷர். அங்கே அபாயச் சங்கு ஊதினால் வாயில் வைத்த கவளத்தைத் துப்பிவிட்டு ஓடிவந்து வாசலில் தலையைக் காட்ட வேண்டும். பொய்ச் சங்கா மெய்ச் சங்கா என்று ஆராய்ச்சி பண்ணுகிறவன் அடுப்புக்குத்தான் விறகு.

கப்பல் இன்னும் கரையை விட்டு நகரவில்லை. கிளம்புவதற்கு முன்னால் ஆபத்துப் பயிற்சி. பயணிகள் அத்தனை பேரும் அவரவருக்குச் சொன்ன தளத்துக்கு வந்து, உயிர்காக்கும் படகுகளுக்குக் கீழே வரிசையில் நின்று, கழுத்தில் தொங்கும் அட்டையை மெஷினில் தட்ட வேண்டும். தட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், முகம் தெரியும், தலை ஒன்று என்று ஏறிக்கொள்ளும். எல்லாத் தலையும் ஏறின பிறகுதான் விடுவார்கள்.

அவருக்கு முன்னால் நின்ற கறுப்புக் கண்ணாடிக்காரர் கையில் ஐந்து அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைத்திருந்தார். வீட்டம்மா குளிக்கிறாளாம், மச்சான் தூங்குகிறானாம், மிச்சப் பேர் எங்கே என்று அவருக்கே தெரியாதாம். டிங், டிங், டிங் என்று ஐந்தையும் தட்டிவிட்டு, மெஷின் பிடித்திருந்த தொப்பிக்காரப் பெண்ணிடம் சிரித்தார்.

"கப்பல் முழுகினா எல்லாரும் வரிசையிலயாம்மா நிக்கப் போறோம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாய்லர்காரர் சிரிக்கவில்லை. மில்லில் ஒருத்தன் அட்டையை இன்னொருத்தன் தட்டினால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். நெருப்புக்குள் ஆளைத் தேடிப் போகிறவன் அந்த அட்டையை நம்பித்தான் போகிறான். வெளியே நிற்கிறவனை உள்ளே தேடினாலும் சாவு, உள்ளே கிடக்கிறவனை வெளியே நிற்பதாக நம்பினாலும் சாவு.

ஆனால் அவர் சட்டைப்பையிலும் இரண்டு அட்டைகள் இருந்தன.

மத்தியானம் அறைக் கதவில் செருகியிருந்த உறையைப் பிரித்தபோதே அது இடித்தது. ஒன்று அவருடையது. இன்னொன்று அவர் மனைவியுடையது. நாற்பதாவது கல்யாண நாளுக்கென்று மகள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்ட பயணம். அம்மா போன பிறகு அவள் பெயரை எடுத்துவிட்டதாகத்தான் மகள் சொல்லியிருந்தாள். "நீங்களாவது போயிட்டு வாங்கப்பா, நாலு சுவத்தையே எத்தனை நாளைக்குப் பாத்துக்கிட்டு இருப்பீங்க" என்று பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள். இங்கேயும் நாலு சுவர்தான். கப்பலின் நடு வயிற்றில், ஜன்னல் இல்லாத அறை. விளக்கை அணைத்தால் பட்டப்பகலும் அமாவாசை.

தன் அட்டையைத் தட்டினார். திருடன் மாதிரி அவர் முகம் வந்தது. போயிருக்கலாம். கை தானாகப் பைக்குள் போயிற்று.

டிங்.

டிக்கெட்டுக்காக மகள் எடுத்த படத்தில் வெளிச்சமாக வந்து நின்றாள். மூக்குத்தி, வெயிலுக்குச் சுருக்கிய கண், 'எடுத்தாச்சா?' என்று கேட்கிற மாதிரி லேசாகச் சாய்ந்த தலை. நாலு மாசமாகச் சுவரில் மாலைக்குள் தொங்கும் படத்தில் இல்லாத ஒரு உயிர் இதில் இருந்தது. அந்தச் சத்தம் அவருக்கு வேண்டியிருந்தது. எங்கேயாவது ஓரிடத்தில் அவளும் ஒரு தலை என்று ஏற வேண்டியிருந்தது.

"அம்மா எங்கங்க?" என்றாள் தொப்பிக்காரப் பெண், மெஷினைப் பார்த்தபடியே.

செத்துப்போனாள் என்று அவர் இதுவரை தன் வாயால் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் மகளே சொல்லிவிட்டாள்.

"பின்னாடி நிக்கிறா" என்றார்.

அந்தப் பெண் நிமிர்ந்து அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். யாரிடமோ தலையசைத்துச் சிரித்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

பாய்லர்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. இரும்புத் தரையில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, அதற்கப்புறம்தான் அடுத்த குடும்பம் நின்றுகொண்டிருந்தது.

தளத்திலிருந்து உள்ளே போக ஒரு கனத்த தீத்தடுப்புக் கதவு. தள்ளிக்கொண்டு நுழைந்தால், ஆள் நுழைந்த மறு விநாடி தானாக வந்து முதுகில் அறைகிற மாதிரி சாத்திக்கொள்ளும். அன்றைக்கு அது சாத்தச் சற்றுத் தாமதமானது. எண்ணெய் போடாத கீல் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அறையில் இரண்டு கட்டில். மத்தியானம் பெட்டியை வைக்க அலமாரியைத் திறந்தபோது உள்ளே இரண்டு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் தொங்கியதைப் பார்த்திருந்தார். இப்போது ஒன்றுதான் இருந்தது. எவனோ எடுத்துப் போய்விட்டான், கப்பலென்றாலும் களவாணிகள்தானே என்று திட்டிக்கொண்டே குளியலறைக்குப் போனார். இரண்டாவது துண்டு நனைந்திருந்தது. பிழிந்தால் சொட்டுகிற ஈரம். முகர்ந்தார். தலைவலித் தைலம். அவள் நெற்றியிலும் தலையணையிலும் அவர் சட்டைத் தோளிலும் நாற்பது வருஷம் மணத்த அதே தைலம்.

மறுநாள் அறை சுத்தம் செய்கிற நரைத்த தலைக்காரர் நடைவழியில் எதிர்ப்பட்டார். இன்றைக்கு ஏன் பெருக்க வரவில்லை என்று பாய்லர்காரர் பிடித்துக்கொண்டார். வந்தேனே, அம்மாதான் வேண்டாமென்று உள்ளே இருந்தபடியே சொல்லிவிட்டார்கள் என்றார் அந்த ஆள்.

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதாங்க. அவரு வந்துரட்டும், இருக்கச் சொல்லியிருக்காருன்னாங்க."

பாய்லர்காரர் விலகி நடந்தார். இந்த ஆள் வேலைக்கு வராமல் கதை விடுகிறான் என்று முடிவு கட்டினார். அப்படி முடிவு கட்டுவதுதான் சுலபமாக இருந்தது.

நேரே வரவேற்பு மேஜைக்குப் போனார். தப்பாக ஒரு அட்டையைத் தட்டிவிட்டேன், அந்தப் பேரை எடுத்துவிடுங்கள் என்றார். அங்கிருந்தவள் கணினியைத் தட்டிப் பார்த்தாள். பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் கப்பலில் இருக்கிறவர்கள், வீட்டம்மா பயிற்சிக்கு வந்திருக்கிறாள், அதனால் இருக்கிறாள் என்று பாடம் ஒப்பித்தாள்.

"ஏன் எடுக்கணுங்கய்யா? அம்மா வரலையா?"

இதுதான் சமயம். ஒரே ஒரு வார்த்தை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அன்று பகல் முழுக்க விளக்கை அணைக்காமல் படுத்திருந்தார். எங்கோ அடியில் இயந்திரம் உறுமுவது கட்டில் வழியாக எலும்புக்குள் ஏறியது. சுவருக்கு அப்பால் யாரோ சிரித்துக்கொண்டு போவதும், குழாய்க்குள் தண்ணீர் ஓடுவதும், அலமாரியில் சட்டை மாட்டிகள் ஒன்றையொன்று மெல்ல உரசிக்கொள்வதும் கேட்டன. எல்லாவற்றுக்கும் அடியில், குளியலறைக் கதவுக்குப் பின்னால், மூச்சை இழுத்து இழுத்து விடுகிற மாதிரி ஒரு சத்தம். காற்றுப் போக்கியாக இருக்கும். இருக்க வேண்டும்.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். அதைத்தான் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு மூச்சு முட்டுவது புதிதில்லை. வாரத்துக்கு இரண்டு தரம் "என்னங்க, இங்க வாங்களேன்" என்று குளியலறையிலிருந்து கூப்பிடுவாள். இவர் ஓடுவார். கதவைத் திறந்தால் சரியாகிப்போச்சு என்று அசட்டுச் சிரிப்புச் சிரிப்பாள். மூன்று வருஷம் இதே கூத்து. அன்றைக்கு டிவியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எதை என்று இப்போது யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. "என்னங்க" என்றாள். பொய்ச் சங்கு என்று நினைத்தார்.

"வர்றேன், இரு" என்றார்.

இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை. நிகழ்ச்சி முடிந்துதான் எழுந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பனிமூட்டம். கடலும் இல்லை, வானமும் இல்லை. தயிரைக் கரைத்து ஊற்றினாற்போல் வெள்ளை. சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக, இரண்டு நாற்காலி போட்ட மேஜையில் அவர் உட்கார்ந்திருந்தபோது காலடியில் அந்த உறுமல் நின்றது. பிறகு அபாயச் சங்கு ஊதிற்று. ஏழு குட்டை. ஒரு நெட்டை.

மறுபடியும் பயிற்சியா என்று பக்கத்து மேஜை சலித்துக்கொண்டது. கறுப்புக் கண்ணாடிக்காரர் தட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு, மென்றுகொண்டே எழுந்தார். சிலர் எழவே இல்லை. பாய்லர்காரர் மூக்கை விடைத்தார். சூட்டில் கருகுகிற எண்ணெய். லேசாகத்தான். முப்பத்தாறு வருஷ மூக்கு பொய் சொல்லாது.

மெய்ச் சங்கு.

தளத்தில் பனி முகத்தில் ஒட்டியது. தொப்பிக்காரப் பெண் மெஷினை வரிசை நெடுக நீட்டிக்கொண்டு வந்தாள். குரலை நடுங்காமல் பிடித்து வைத்திருந்தாள். டிங், டிங் என்று தலைகள் ஏறின. பாய்லர்காரர் தன்னுடையதைத் தட்டினார். மனைவியின் அட்டையை அறையிலேயே, மேஜை இழுப்பறைக்குள் கவிழ்த்துப் போட்டு வைத்திருந்தார்.

சிரிப்பு நின்றது. இருமல். எங்கோ ஒரு குழந்தையின் அழுகை. கதவிடுக்கிலிருந்து நூல் மாதிரி புகை வந்தது.

ஒரு தலை குறைந்தது.

ஒலிபெருக்கி அவருடைய அறை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டது. மறுபடி சொன்னது. கூட்டம் முனகிற்று. யாரோ ஒரு கிழவி வரவில்லையாம், அவளுக்காகப் படகை இறக்காமல் வைத்திருக்கிறார்களாம். கறுப்புக் கண்ணாடிக்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

"அட்டையைத் தட்டுறதுக்குக்கூட ஒரு ஆளுக்கு வலிக்குதாய்யா?"

தொப்பிக்காரப் பெண் பாய்லர்காரரிடம் வந்தாள். அம்மாவைத் தேடி இரண்டு ஆட்களைக் கீழே அனுப்பப் போவதாகச் சொன்னாள். அவர் பார்த்தார். இரண்டு பேர், முகமூடியை மாட்டிக்கொண்டு, கதவருகே. புகைக்குள் போகப் போகிறார்கள். ஓர் அட்டையை நம்பி.

நாக்கை அண்ணத்திலிருந்து பிய்த்தெடுத்தார்.

"போக வேணாம். அவ இல்ல. செத்துட்டா. நாலு மாசமாச்சு."

சொல்லி முடித்தார். முகமூடிக்காரர்கள் இருவரும் கதவருகிலேயே நின்றுவிட்டார்கள்.

டிங்.

அந்தப் பெண் மெஷினைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, மெல்லிய குரலில் யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி நின்றாள்.

"ஐயா" என்றாள். "நீங்க வர்றேன், இருன்னு சொன்னீங்களாம். அதான் இவ்வளவு நேரம் ரூம்லயே இருந்தாங்களாம்."

தைல வாசனை.

கூட்டம் முழுக்க ஒரே பக்கம் பார்த்தது. கறுப்புக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். வாய்க்குள் மெல்லாத கவளம் அப்படியே இருந்தது.

பாய்லர்காரர் திரும்பவில்லை. எதிரே கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம். அதில் அவர் தெரிந்தார். அவருக்குப் பின்னால் ஆரஞ்சு. ஒவ்வொரு பட்டையும் அதனதன் கொக்கியில், சொல்லிக்கொடுத்தபடியே, கழுத்து வரை. கழுத்துக்கு மேலே அவர் பார்க்கவில்லை.

ஈரமான விரல்கள் அவர் சட்டை நுனியைப் பிடித்தன. ரோட்டைத் தாண்டும்போது அவள் பிடிக்கிற மாதிரி.

"எல்லாம் ஏமாத்து வேலை" என்றார் பாய்லர்காரர். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. "மெஷின் தப்பு. எவனோ தட்டியிருக்கான். அட்டை ரூம் இழுப்பறையிலதான் கிடக்கு, போய்ப் பாக்குறேன்."

படகுகளுக்கு முதுகைக் காட்டி நடந்தார். நம்பவில்லை. கடைசி வரை நம்பப் போவதில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. இரண்டு பேர் போகிற அகலத்துக்கு.

கதவைத் தள்ளினார். புகை. உள்ளே போனார். முதுகில் அது அறையக் காத்திருந்தார்.

அறையவில்லை. இன்னும் ஓர் ஆள் நுழைகிற நேரம் கதவு திறந்தே நின்றது.

பிறகு, மெல்ல, யாரோ கைப்பிடியைப் பிடித்துச் சத்தமில்லாமல் சாத்தினார்கள்.