மலையைப் பார்த்துக் கட்டிய பேனர்

பிரசாத்தின் மேல் வியர்வை நாற்றமே இல்லை.

மணிவேலுக்கு முதலில் உறைத்தது அதுதான். வேங்கிக்காலில் புதுப்புது வீடுகளாக முளைத்துக்கொண்டிருக்கும் மனைப்பிரிவில், தார் இளகுகிற சித்திரை வெயிலில், கேட்டுக்கு வெளியே மகன் நின்றுகொண்டிருந்தான். விடியலில் அடி அண்ணாமலைப் பக்கம் காட்டுக்குள் நுழைந்தவன், மலையின் வடக்கு அடிவாரத்தை ஒட்டியே முள்ளும் பாறையுமாகத் தனியாக நடந்து வந்திருக்கிறான். ஆனால் முழங்காலில் ஒரு கீறல் இல்லை, சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. பதினைந்து வயதுப் பையன் மாடிக்கு ஏறி இறங்கினாலே வீடு பூராவும் பரவுகிற அந்தப் புளித்த வாடையும் இல்லை. கிட்டே போனபோது வேறொரு வாடை வந்தது. புது செருப்புக்கடைக்குள் கால் வைத்ததும் முகத்தில் அடிக்குமே, பெயின்டும் பிளாஸ்டிக்கும் கலந்து சூடான மாதிரி, லேசாகத் தலையைச் சுற்றவைக்கிற வாடை.

"வந்துட்டியாடா?"

"வந்துட்டேம்ப்பா."

பல் தெரியச் சிரித்தான். நல்ல சிரிப்புதான். அதுதான் நெருடியது. அப்பா பக்கத்தில் இருந்தால் பிரசாத் சிரிக்கிற வழக்கம் கிடையாது.

மணிவேல் தொழில்முறையில் ஆளுமைப் பயிற்சியாளர். விசிட்டிங் கார்டில் 'வாழ்வியல் சிற்பி' என்று போட்டிருக்கும். மாவட்டத்தில் அவர் பேசாத பள்ளிக்கூடம் கம்மி. பேசி முடிக்கும்போது விழித்திருந்த மாணவர்கள் அதைவிடக் கம்மி. அவருடைய பேச்சின் உச்சம் ஒரு பனிப்பிரதேசத்துப் பையன்.

"எஸ்கிமோன்னு சொல்லக்கூடாது! இனுயிட்னு சொல்லணும்!" என்று ஆரம்பித்துத் தலைமை ஆசிரியர்களையே திருத்துவார். அந்தச் சொல்லை அவரே போன வருஷம்தான் தெரிந்துகொண்டார் என்பதைச் சொல்லமாட்டார். கண்ணுக்கு எட்டிய மட்டும் பனி. மூக்கை அறுத்துக்கொண்டு போகும் காற்று. தகப்பன் மகன் கையில் நாய்வண்டியைக் கொடுத்து, உறைந்த கடலைக் காட்டி, "போ. ஆளாகி வா" என்கிறான். பையன் தன்னந்தனியாகப் போகிறான். சீல் மூச்சு விட வருகிற ஓட்டையின் பக்கத்தில் அசையாமல் காத்திருந்து, தன் முதல் வேட்டையோடு திரும்புகிறான். ஊரே பங்கு போட்டுச் சாப்பிடுகிறது; கொண்டுவந்தவன் ஒரு துண்டு தொடுவதில்லை. "அவன் ஆம்பளை! நம்ம பையன் என்ன பண்றான்? செல்போனை நோண்டறான்!" பேச்சு முடிந்த சந்தோஷத்தில் பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

போன மாதம் ஒரு விழாவில், ஓய்வுபெற்ற தாசில்தார் சின்னசாமி மேடையிலேயே குனிந்து கேட்டுவிட்டார். "உங்க பையன் எப்படி சார்? காட்டுக்கெல்லாம் போவானா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். மைக் திறந்திருந்தது. முன்வரிசை சிரித்துவிட்டது.

பிரசாத் இன்னமும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான். அது அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் மணிவேலுக்குக் காது மடல் எரிந்தது. அந்த எரிச்சலிலேயே மைக்கைப் பிடுங்கி, தன் மகன் தனியாகக் காட்டைக் கடந்து ஆளாகித் திரும்பப்போவதாகவும், வெற்றி விழாவுக்கு அனைவரும் வரவேண்டும் என்றும் அறிவித்துவிட்டார்.

விழா என்றால் பேனர் இல்லாமலா? பையன் கிளம்புவதற்கு முன்னாடியே வெற்றி பேனர் அடித்தாயிற்று. அஸ்பாக் பாய் கடையில் சொல்லி, 'கானகம் வென்ற காளையே!' என்ற வரியோடு, பின்னால் பனிமலை, அதற்குப் பின்னால் அண்ணாமலை, இடப்பக்கம் ஒரு வெள்ளைக்கரடி, நடுவில் நீலச் சட்டையில் பிரசாத். புருவத்தில் இருந்த பழைய தழும்பை அஸ்பாக்கே அழித்துவிட்டார். நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினார். "கரடி லெஃப்ட்ல நிக்குது சார், பையனும் அதே பக்கம் பாத்தா நல்லா இருக்காது," என்று படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டார். இந்தப் பையன் மட்டும் நிஜமாகவே இப்படி இருந்திருந்தால் என்று மணிவேல் ஒரு கணம் நினைத்தார். ஒரு பேனரை மனைப்பிரிவு முனையிலும், ஒன்றை அடி அண்ணாமலையில் காட்டு வாசலிலும் கட்டச் சொன்னார்.

இன்று காலை அந்த வாசலில் பைக்கை நிறுத்தியபோது இருட்டு முழுசாகப் பிரியவில்லை. பிரசாத் பையை மாட்டிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்துத் திரும்பினான்.

"நீங்களும் கூட வரீங்களாப்பா?"

"ஆளாவப் போறவன் கேக்கற கேள்வியாடா இது?"

பையன் போய்விட்டான். இப்போது வந்துவிட்டான்.

ஹாலுக்குள் வந்தவன் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் முதுகைப் பதித்தபடி நின்றுகொண்டு, அறையில் யார் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பினான். கரண்ட் போனது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தபின் வந்த அமைதியில், ஜன்னல் வழியாக அனல் காற்று ஒருமுறை வீசி அடங்கியது. அறைக்குள் எங்கோ துணி படபடத்தது. மணிவேல் சுற்றிலும் பார்த்தார். அந்த ஜன்னலுக்கு இன்னும் திரைச்சீலை வாங்கவில்லை.

செல்போன் அடித்தது. அஸ்பாக்.

"சார், அடி அண்ணாமலை பேனர் காணோம் சார். சட்டம் மட்டும் நிக்குது. எவனாவது கூரைக்குப் போடப் பிச்சிகினு போயிருப்பான். இன்னொரு விஷயம், கோச்சுக்காதீங்க. நம்ம கடைப் பையன் அதை மாத்திக் கட்டிட்டான் போல. ரோட்டைப் பாக்கறதுக்குப் பதிலா மலையைப் பாத்து."

"எத்தினி நாளா?"

"கட்டினதுலேருந்தே சார். ஒருத்தர் கண்ணுலயும் பட்டிருக்காது."

ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. மணிவேல் போனை வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். எப்போதும் இடப்பக்கம் இருக்கிற தலைவகிடு வலப்பக்கம் இருந்தது. புருவம் வழவழவென்று, முழுசாக, தழும்பே இல்லாமல் இருந்தது. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். வந்ததிலிருந்து அதே சிரிப்பு. ஒரு சுருக்கம் கூடவில்லை, குறையவில்லை.

சமையலறையில் மனைவி கஸ்தூரி விழாவுக்கான கேசரியைக் கிண்டவில்லை. அடுப்பு அணைந்திருந்தது. கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"தண்ணி கேக்கலைங்க," என்றாள். "காலைலேருந்து வெயில்ல நடந்த புள்ள. ஒரு சொம்புத் தண்ணி கேக்கல."

"வழியில குடிச்சிருப்பான்."

"என்னை அம்மான்னு கூப்பிடல."

"களைப்பு கஸ்தூரி. சும்மா எதையாவது..."

"காலைல அவன் போட்டுகினு போனது ஸ்கூல் டிராக் பனியன். இப்போ நீலச் சட்டையில வந்திருக்கான்." அவள் குரல் தாழ்ந்தது. "நீலச் சட்டை பீரோவுலதாங்க இருக்குது. மடிச்சது மடிச்சபடி. இப்பதான் பாத்துட்டு வரேன்."

அவர் அணைந்த அடுப்பைப் பார்த்தார்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க."

"எங்க?"

"காட்டுல."

"அதான் வந்துட்டானே!" என்று கத்திவிட்டார். கத்தியபின் இருவரும் ஹால் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அங்கிருந்து சத்தமே இல்லை. மூச்சுச் சத்தம்கூட.

மணிவேலுக்குத் தெரிந்துவிட்டது. உண்மையில் கேட் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததை வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை. வெளியே ஷாமியானா போட்டாயிற்று. நாற்காலி இறங்கிக்கொண்டிருக்கிறது. மைக்செட்காரன் 'ஹலோ, ஹலோ' என்கிறான். இது என் மகன் இல்லை என்று சொன்னால், உன் மகன் எங்கே என்று கேட்பார்கள். இருட்டுக்குப் பயப்படுகிற பிள்ளையைக் கைத்தட்டலுக்காகக் காட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லவேண்டும். சின்னசாமி முன்னால். மூன்று தலைமை ஆசிரியர்கள் முன்னால்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. அந்த இனுயிட் பையனைப் பற்றி அவர் படித்த கட்டுரையில் பையன் தனியாகவே போகவில்லை. தகப்பன் கூடவே போகிறான். பனி எங்கே தாங்கும், எங்கே உடையும் என்று காட்டிக்கொண்டு, மகனுக்குப் பக்கத்திலேயே நடக்கிறான். ஓட்டையின் அருகே அவனும் குளிரில் உட்கார்ந்திருக்கிறான். மேடைக்கு அது சப்பென்று இருந்தது. மணிவேல்தான் தகப்பனை வெட்டிவிட்டார்.

போகலாம். இப்போதே பைக்கை எடுத்தால் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடலாம். சாவியைக்கூடக் கையில் எடுத்தார்.

"மணிவேல்! எங்கய்யா நம்ம ஹீரோ?" வாசலில் சின்னசாமியின் குரல்.

சாவியை வைத்துவிட்டார்.

பொழுது சாயும்போது விழா ஆரம்பித்தது. மேடையின் பின்திரையை ஒட்டி, அசையாமல், அவன். மாலை போட்டபோது குனியவில்லை. எல்லோரும் ஒழுக்கம் என்று பாராட்டினார்கள். "இன்னா டிசிப்ளின் பாத்தியா! மூஞ்சியில எப்படி ஒரு களை!" என்று சின்னசாமி பூரித்துப்போனார். ஒரு தலைமை ஆசிரியர், "நேர்ல பாத்தா பேனர்ல இருக்கற மாதிரியே இருக்காம்பா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மணிவேலும் சிரித்தார். மலை பின்னால் நீலம் போய்க் கறுத்துக்கொண்டிருந்தது.

அவர் மைக்கைப் பிடித்து "எஸ்கிமோன்னு சொல்லக்கூடாது" என்று ஆரம்பித்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். கஸ்தூரி.

கஸ்தூரி முன்வரிசை ஓரத்தில், இரண்டு கையாலும் ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அவள் அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள். முகம் மாறியது. அவருக்கும் புரிந்தது. போன் கூடாது என்று அவர் போட்ட சட்டத்தை மீறி, தன்னுடையதைப் பையன் பைக்குள் ஒளித்து அனுப்பியிருக்கிறாள்.

காதில் வைத்தார்.

காற்று. கரகரப்பு. பிறகு, மிகச் சின்னதாக: "அப்பா..."

மணிவேல் போனைக் காதோடு அழுத்தினார்.

"அப்பா, இப்பதாம்ப்பா சிக்னல் கெடச்சுது. கால் மாட்டிக்கிச்சி. பாறைக்கு நடுவுல. இருட்டுதுப்பா. வாங்கப்பா. யாரையும் அனுப்பாதீங்க. நீங்களே வாங்க."

கூட்டம் காத்திருந்தது. சின்னசாமி கழுத்தை நீட்டி, "யாரு மணிவேல்? கலெக்டர் ஆபீஸா?" என்றார்.

மைக் திறந்திருந்தது.

"ராங் நம்பர்," என்றார் மணிவேல். ஒலிபெருக்கியில் அது தெரு முனை வரைக்கும் போயிற்று.

போனின் அந்தப் பக்கம் அழுகை இல்லை. ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. அவ்வளவுதான். பிறகு அதுவும் இல்லை.

அவர் போனை அணைத்தார். கூட்டம் கை தட்டியது, எதற்கென்று தெரியாமலே.

கஸ்தூரி தட்டைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். சுடர் அணையவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நாற்காலிகளுக்கு இடையில் புகுந்து வெளியே நடக்க ஆரம்பித்தாள். செருப்புகூடப் போடவில்லை.

கூடப் போகவேண்டும். இப்போதாவது. மேடையிலிருந்து இரண்டே எட்டு. மணிவேல் திரும்பினார்.

"சார், சார், ஒரே ஒரு போட்டோ! அப்பாவும் புள்ளையும்!" போட்டோக்காரர் வழியை மறித்தார். "பையன் முதுகுல கை போடுங்க சார். பெருமையா!"

எல்லோரும் பார்த்தார்கள்.

போட்டார்.

தோள் இருந்தது. தோளின் விளிம்பு இருந்தது. விளிம்புக்கு அப்பால் கை மடிந்து உள்ளே போயிற்று.

முதுகு இல்லை.

துணியின் பின்பக்கம் மாதிரி ஒரு சொரசொரப்பு. பிறகு வெறும் குழி. ஆழம். அந்தச் சித்திரைப் புழுக்கத்தில், உள்ளே குளிர். விரல் நுனிகள் மரத்துப்போகும் குளிர். பாறை இடுக்கின் ஈரம். இருட்டு கையில் தட்டுப்படுமா? பட்டது.

கையை இழுத்தார்.

வரவில்லை.

குழிக்குள்ளிருந்து விரல்கள் அவருடைய விரல்களைப் பிடித்திருந்தன. முள் கிழித்த விரல்கள். சூடாக ஏதோ வழிந்தது. ரோட்டைத் தாண்டும்போது சின்னப் பிள்ளைகள் பிடிப்பார்களே, அப்படி. விடாமல்.

கேட்டுக்கு வெளியே கஸ்தூரி ஓட ஆரம்பித்திருந்தாள், கறுத்துப்போன மலையைப் பார்த்து, பிள்ளை கை இங்கே இருக்க, தப்பான திசையில்.

"இங்க பாருங்க சார்," என்றார் போட்டோக்காரர். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி சிரிங்க."

விரல்கள் இறுக்கின.

மணிவேல் சிரித்தார்.