கோல்டு உறுப்பினர்களின் இறால் ஆணம்

திங்கட்கிழமை காலை, மீமிசல் பவுசியா வீட்டில் களவு போயிருந்தது நகையல்ல, இறால் ஆணத்தின், அதாவது இறால் குழம்பின், செய்முறை.

பவுசியாவின் சமையல் வெப்சைட்டில் மூன்று படிகள். சும்மா வருகிறவருக்குப் படம் மட்டும். சில்வர் சந்தா கட்டினால் செய்முறை. கோல்டு கட்டியவருக்குத்தான் சரியான அளவும் வீடியோவும். அந்த அளவு இப்போது வாட்ஸ்அப்பில் ஓசியில் சுற்றிக்கொண்டிருந்தது. கோல்டு உறுப்பினர்கள் கொதித்துப்போய் விலகப்போவதாக மிரட்டினார்கள்.

வெப்சைட்டைக் கட்டிக் கொடுத்த சுகுணாவுக்குத்தான் பாஸ்வேர்டு தெரியும். காசு கட்டியவர் ஓசியில் கொடுப்பாரா என்று பழி அவள் தலையில் விழுந்தது. இனிமேல் வர வேண்டாம் என்று பவுசியா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். சுகுணா வாசலில் நின்றபடி அழுகையை அடக்கப் பெரும்பாடு பட்டாள், பாவம்.

புகாரை விசாரிக்க வந்த எஸ்.ஐ. பிரகதாம்பாளும் ஒரு கோல்டு உறுப்பினர். போன வாரம் இதே ஆணத்தை வைத்து, உப்புக் கரித்ததற்குக் கணவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

பவுசியாவின் கணவர் முகமது ரபீக், துபாயிலிருந்து திரும்பியவர், நாற்காலி போட்டார். "சுகுணா அப்படிப்பட்ட புள்ள இல்ல மேடம். கேஸெல்லாம் வேணாம்," என்றார். மனைவி உள்ளே போன சமயம் பார்த்துக் குழாயடியில் ஒரு மாத்திரையை விழுங்கினார். பிரகதாம்பாள் கவனித்தும் கவனிக்காதவர்போல் இருந்தார்.

பிறகு கோல்டு பக்கத்தையும் வாட்ஸ்அப் செய்தியையும் ஒப்பிட்டுப் படித்தார். ஓர் இடம்தான் இடித்தது. கோல்டு பக்கத்தில் ஒரு மூடித் தேங்காய்ப்பால். வாட்ஸ்அப்பில் முழுத் தேங்காய்.

"வீடியோ எடுத்தது எப்ப?" என்று, திரும்பி வந்த பவுசியாவிடம் கேட்டார்.

"நோன்பு மாசத்துல மேடம். ஒரு வெள்ளிக்கிழமை."

"உப்பு பாத்தது யாரு?"

"நோன்போட நான் எப்படிப் பாப்பேன்? கைக்கணக்குதான். நோன்பு தொறந்தப்ப எல்லாரும் நல்லாருக்குன்னாங்க."

"சுகுணா?"

"வெள்ளிக்கிழமை அவ கவுச்சி தொடமாட்டா."

பிரகதாம்பாள் சிரித்தார். கோல்டு அளவில் வைத்தால் ஆணம் கரிக்கும், அதற்குத் தன் வீடே சாட்சி என்றார். அன்று மாலை மட்டும் கரிக்கவில்லை என்றால், பகலிலேயே நோன்பில்லாத யாரோ ருசி பார்த்து இன்னொரு மூடியைப் பிழிந்து ஊற்றியிருக்க வேண்டும். பக்கத்தைப் பார்த்துத் திருடியவர் ஒரு மூடி என்றுதான் எழுதியிருப்பார். முழுத் தேங்காய் என்று எழுத, ஊற்றிய ஆளால்தான் முடியும்.

"ரபீக் பாய், மாத்திரை எத்தன நாளா?"

ரபீக் தலைகுனிந்தார். வயிற்றுப்புண். வெறும் வயிறு கூடாதென்று டாக்டர் நோன்பைத் தடுத்திருந்தார். பவுசியா பதறுவாளே என்று மறைத்துவிட்டார். அன்று அவள் தொழுது கண்ணயர்ந்த நேரத்தில் சோறு போட்டுக்கொண்டவர்தான் ஆணத்தைச் சரிசெய்தார். ருசி பிடித்துப்போய், துபாயில் ஒரே அறையில் இருந்த பழைய கூட்டாளிகளுக்குச் செய்முறையை அனுப்பினார். அவர்கள் ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். காசு கட்டியவர்களுக்குத் தப்பான அளவு, ஓசியில் வாங்கியவர்களுக்குச் சரியான அளவு!

பவுசியாவுக்குக் கோல்டும் மறந்தது, சில்வரும் மறந்தது. "என்கிட்டயா மறைச்சீங்க மச்சான்?" என்று கண்கலங்கினாள். பிறகு வாசலுக்குப் போய்ச் சுகுணாவின் கையைப் பிடித்தாள். "தப்பாப் பேசிட்டேன்டி. உள்ள வா."

சுகுணா லேப்டாப்பைத் திறந்து, ஒரு மூடியை முழுத் தேங்காயாக மாற்றினாள். உறுப்பினர்களுக்கு ஒரு மன்னிப்பும் எழுதினாள்.

"அடியில அவங்க பேரையும் போடு," என்றாள் பவுசியா.

சுகுணா சிரித்துக்கொண்டே தட்டினாள்: உப்பு பார்த்தவர், முகமது ரபீக்.