புள்ளி வைச்சாச்சு

உமாசுதன் வைத்த புள்ளி ஸ்கிறீனில் இல்லை.

ட்ருகனினாவின் அந்தத் தகரக் கொட்டகைக்குள் 2012இன் ஜூலைக் குளிர்கால வெளிச்சம் வேலை முடியுமுன்பே வடிந்துபோய், கத்தியைக் குளிர்விக்கும் கூலன்ட் புளித்த நாற்றமும், காற்றில் முனகும் கூரைத் தகடுகளும், மெசின்களின் கீழே எண்ணெயோடு எண்ணெயாகத் தேங்கிய நிழலுமே மிஞ்சியிருந்தன. அவன் திரும்பவும் Z50 என்று அடித்து, கடைசியில் புள்ளி வைத்தான். கத்தி ஐம்பது மில்லிமீட்டர் மேலெழும்ப வேண்டும் என்று அதற்கு அர்த்தம். புள்ளி விழாவிட்டால் மெசின் அதை மயிரளவாக எடுத்துக்கொள்ளும். கத்தி எழும்பாமலே பக்கவாட்டில் பாயும்.

போன மாதம் இதே மெசினில், கூட வேலை செய்த சிறிதரனின் கை மணிக்கட்டோடு போனது. மறுநாள் உயிரும் போனது. புள்ளியை மறந்துவிட்டான் என்று விசாரிக்க வந்தவர்களிடம் சூப்பர்வைசர் கோபாலகிருஷ்ணன் சொன்னார். சிறிதரனா மறப்பான்? கேட்கிறவர்கள் சிரிக்கச் சிரிக்க, வரிக்கு வரி "புள்ளி வைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னவன். கதவு திறந்தால் நிற்கவேண்டிய மெசினை, நிற்காதபடி சுவிட்சில் டேப் சுற்றியவர் கோபாலகிருஷ்ணன். வந்தவர்கள் போனதும் டேப் திரும்பவும் ஏறிவிட்டது. அதைப் பார்க்கப் பார்க்க உமாசுதனுக்குப் பற்றி எரிந்தது.

"அண்ணை, டேப்பைக் கழட்டுங்கோ. இல்லாட்டி ஓட்டமாட்டன்."

"ஓட்டமாட்டியா? அப்ப உன் தற்காலிக பிரிட்ஜிங் விசாவை வச்சுக்கிட்டு வேற வேலை தேடு."

"சிறிதரன் மறக்கேல்லை. உங்களுக்குத் தெரியும். வைக்கிற புள்ளி தானா அழியுது."

"செத்தவன் வந்து சாட்சி சொல்லப் போறதில்லப்பா. தள்ளு."

அவரே அடித்தார். புள்ளி பளிச்சென்று நின்றது. "பேயா அழிக்குது? இங்க பாரு, இருக்கு." கதவைத் திறந்தபடியே மெசினை ஓடவிட்டார். கத்தி அலுமினியத்துக்குள் கீச்சிட்டு இறங்கியது. "இது மேல போற கேப்ல கைய விட்டுச் சீவலைத் தள்ளணும். நிமிஷம் மிச்சம்."

கை உள்ளே போனது.

உமாசுதன் ஸ்கிறீனைப் பார்த்தான்.

புள்ளி இல்லை.

"அண்ணை, கை!"

இரைச்சல். அவருக்குக் கேட்கவில்லை.

மெசினை நிறுத்தும் சிவப்புப் பட்டன். எட்டினான். பாதியில் கை நின்றது. மேலே ஏதோ கனத்தது. ஈரம். குளிர். புளித்த கூலன்ட். ஐந்து விரல்கள் அவன் புறங்கையை அழுத்திப் பிடித்திருந்தன.

அந்தக் கைக்கு மணிக்கட்டுக்கு மேல் ஒன்றுமில்லை.

காதோரம், மெதுவாக, அதே குரல்:

"புள்ளி வைச்சாச்சு."